அண்ணியும் நாத்தனாரும் மரியாதையாகப் பேசிக்கொண்ட நாட்கள்

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்தி மட்டுமே. கணவனின் தங்கையான அவளும் அதே அறையில் ஜன்னலோர மேசையில் வேலை பார்த்தாள். அவள் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்றதில் மற்றவர்களுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. துறைத் தலைவிகூட ஒருமுறை கூட்டத்தில் வாய் தவறி, "இதைப் பத்தி அண்ணி என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தண்ணீர் குடித்தார்.

தங்கைக்கு வீட்டிலும் வெளியிலும் வாலு என்று பெயர். எப்போது வந்த பெயர் என்று தெரியாது. ஏன் வந்தது என்பதை யாரும் கேட்டதில்லை.

இந்தக் கல்யாணத்தைக் கூட்டிவைத்ததும் வாலுதான். அவளுடைய அண்ணன் அதே நிறுவனத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். வாலு நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை எல்லாம் கெட்டுப்போய்விட்டதாகச் சொல்லி அவனை வரவழைத்து, சரியாக அண்ணியின் மேசைக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, தான் டீ குடிக்கப் போய்விடுவாள். கெடாத இயந்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதனைப் பார்த்து அண்ணிக்கு முதலில் பரிதாபம் வந்தது. பிறகு மற்றதெல்லாம் வந்தது.

கல்யாணம் ஆனதும் வாலுவுக்கு ஒரு புது உரிமை கிடைத்தது. முன்பு "மேடம்" என்று அடக்கி வாசித்தவள், இப்போது நாத்தனார் என்ற முறையில் வெளுத்து வாங்கினாள். அண்ணியும் சளைத்தவள் இல்லை.

சண்டை பெரும்பாலும் செல்களைப் பற்றியதுதான். அண்ணி வளர்த்தது டி செல்கள், கிருமியை இனங்கண்டு எதிர்க்கும் வெள்ளையணுக்கள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் செல்லுக்குத் தான் என்னவாகப் போகிறோம் என்பது தெரியாது. அது நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே சுற்றியிருக்கும் செல்கள் தொட்டும், புரதங்களைச் சுரந்தும், "நீ டி செல் ஆகு" என்று செய்தி சொல்லும். அந்தச் செய்தி கிடைக்காவிட்டால் அது வேறு ஏதாவது ஆகிவிடும். அண்ணி இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒரு தட்டில் செய்து பார்த்தாள். அடியில் செய்தி சொல்லும் செல்களை மெத்தைபோலப் பரப்பி, மேலே இளம் செல்களை விட்டு, ஒரு சமிக்ஞைப் புரதத்தை முதலில் தாராளமாகவும் பிறகு குறைத்துக் குறைத்தும் கொடுப்பாள். குறைக்க வேண்டிய நேரத்தில் குறைக்காவிட்டால் அவை வளராமல் அப்படியே நின்றுவிடும். வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை.

வாலு வளர்த்தது பெருவிழுங்கிகள். உடம்பில் எங்கேயாவது கிருமியின் துணுக்கு தட்டுப்பட்டால் போதும், பெருவிழுங்கி அதை விழுங்குவதோடு நிற்காது, ஊரைக் கூட்டும். அது வெளியே விடும் சமிக்ஞைப் புரதங்களால்தான் நமக்குக் காய்ச்சல் வருகிறது, காயம் வீங்குகிறது. எவ்வளவு சத்தம் போட்டால் எவ்வளவு கூட்டம் சேரும் என்பதை வாலு அளந்துகொண்டிருந்தாள். அவளுடைய சோதனையில் புரதம் இருந்தால் தட்டிலுள்ள சிறு குழியில் மஞ்சள் நிறம் வரும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு சத்தம்.

"உன் செல்லுங்க சரியான ரவுடிங்க. எதைப் பாத்தாலும் வாயில போட்டுக்கிட்டு ஊரைக் கூப்பிடும். படிப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்பாள் அண்ணி.

"உங்க செல்லம்ஸ் மட்டும் என்னவாம்? ஊட்டி விடணும், தட்டிக் கொடுக்கணும், ஒரு வேளை ஊட்டறதைக் குறைக்கலைன்னா வளரவே மாட்டேன்னு அடம். கிருமி வாசல்ல வந்து நிக்கும்போது இதுங்க படிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் யார் காவல் காக்கறது? என் ரவுடிங்கதானே?"

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை அண்ணி இன்குபேட்டரைத் திறந்து தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். உருண்டையாக, பளபளவென்று மிதக்க வேண்டிய இளம் டி செல்களில் பாதியைக் காணோம். அவை இருக்க வேண்டிய இடத்தில், தட்டோடு ஒட்டிக்கொண்டு, கால் பரப்பி, உள்ளே குப்பை கூளத்தோடு உட்கார்ந்திருந்தவை என்ன என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் தினமும் பார்க்கிற முகம்தான். அவளுடைய செல்லங்கள் ரவுடிகளாகிவிட்டன.

அவள் முதலில் செய்த காரியம், வாலு பக்கம் திரும்பிப் பார்த்ததுதான். வாலு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணி தட்டைத் துணியால் மூடிக் கொண்டுபோய் அப்புறப்படுத்தினாள். அடியிலிருந்த மெத்தைச் செல்களை மாற்றினாள், புரதக் குப்பியை மாற்றினாள், இளம் செல்களைப் புதிதாகப் பிரித்தெடுத்தாள். மறுபடியும் அதேதான்.

அன்று சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள். "என்னங்க, ஒரு விஷயம். உங்க தங்கச்சிக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ்வளவுதான், என் பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"என் வாயிலிருந்து வராது" என்றான் அவன்.

"அவளுக்கு எல்லாம் நல்லாத்தானே போகுது? அவளும் நானும் ஒரே ஊட்டநீரைத்தான் எடுக்கறோம். அதுல கோளாறுன்னா அவளோடதும் கெட்டிருக்கணும். அப்போ தப்பு என் கையிலதான்."

செல்கள் வளரும் அந்த ஊட்டநீரைப் பொதுவாக ஒரே இடத்தில் கரைத்துக் கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி வைத்திருப்பார்கள். எல்லோரும் அதிலிருந்துதான் எடுப்பார்கள்.

அவன் பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தான். காரணம், அதற்கு முந்தின நாள்தான் வாலு அவனை ஆய்வகத்துத் தொட்டிக்கு அடியில் பிடித்திருந்தாள். அவன் மல்லாந்து படுத்துக் குழாயை முறுக்கிக்கொண்டிருக்க, அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கிசுகிசுத்தாள்.

"அண்ணா, என் செல்லுங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமே குடுக்காம சும்மா வச்ச குழியிலகூட மஞ்சள் கொட்டுது. யாருமே சீண்டலை, ஆனா கத்துது. சும்மா இருக்கறது சும்மா இருந்தாத்தானே, கத்தறது எவ்வளவு கத்துதுன்னு அளக்க முடியும்? எல்லாம் போச்சு. அண்ணிகிட்ட மூச்சு விட்டே, உன்னோட பேசவே மாட்டேன்."

"ஏன், அவகிட்ட கேட்டா வழி சொல்வாளே?"

"வழி சொல்வாங்க. அதுக்கு முன்னாடி 'ரவுடிங்களை அடக்கத் தெரியாதவளெல்லாம்'னு ஆரம்பிப்பாங்க. அவங்க தட்டு எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. அதே ஊட்டநீர்தான் அவங்களுக்கும். அப்போ நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்."

அங்கேயும் அவன், "என் வாயிலிருந்து வராது" என்று சொல்லியிருந்தான். நாணயமான ஆள். கருவியைக் கொடுத்தால் பிரித்துப் பார்ப்பானே தவிர, ஒருவர் சொன்ன ரகசியத்தை இன்னொருவரிடம் பிரித்து வைக்க மாட்டான். ஆகவே இரண்டு ரகசியங்களும் அவன் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்தன.

ஆய்வகத்தில் விபரீதம் வேறு விதமாகத் தெரிந்தது. அண்ணியும் வாலுவும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். கிண்டல் ஆரம்பித்தால் பேச்சு செல்களில் போய் நிற்குமே என்று இருவருக்கும் பயம்.

"உங்க வேலை எப்படிப் போகுது அண்ணி?"

"நல்லாப் போகுதும்மா. உனக்கு?"

"ரொம்ப நல்லாப் போகுது. நீங்க முதல்ல கை கழுவிக்கோங்க."

"பரவாயில்லைம்மா, நீ கழுவிக்கோ."

இதைக் கேட்ட மற்றவர்கள் வெலவெலத்துப் போனார்கள். யாரோ ஒருவர், வீட்டில் சொத்துப் பிரிக்கிறார்கள் போலிருக்கிறது என்றார். இன்னொருவர், இல்லை, யாருக்கோ உடம்பு சரியில்லை, நம்மிடம் மறைக்கிறார்கள் என்றார். விஷயம் துறைத் தலைவி காதுக்கும் போயிற்று. அவர் நுழைந்தாலே அறை அடங்கிவிடும் என்பதால் அவருக்குக் கப்சிப் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கப்சிப்பே அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று தழைந்த குரலில் விசாரித்தார். அப்படியே, மாதக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது, நீங்கள் இருவரும்தான் முடிவுகளைக் காட்டப் போகிறீர்கள் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வாலு வழக்கம்போல அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா."

"போதும் அண்ணி, பிரமாதமா இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

"அய்யோ, நான் என்ன பண்ணிட்டேன். நீ வாங்கிட்டு வந்த பழம்தான் நல்லா இருக்கு."

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அன்றைக்கு உப்பு அதிகம் என்று தோன்றியிருந்தது. சாதாரண ஞாயிறாக இருந்தால் வாலு இந்நேரம் கடல் தண்ணீரா இது என்று கேட்டிருப்பாள். அண்ணி, உன் நாக்குக்குத்தான் கோளாறு என்றிருப்பாள். வீடு வீடாக இருந்திருக்கும். இப்போது பல் மருத்துவரின் வரவேற்பறை மாதிரி இருந்தது. அவனால் தாங்க முடியவில்லை.

"போதும்!" என்று கரண்டியைப் போட்டான். "இந்த மரியாதை எனக்கு ஒத்துக்கலை. ரெண்டு பேரும் பழையபடி சண்டை போடுங்க. அவ தட்டும் கெட்டுப்போச்சு, உன் தட்டும் கெட்டுப்போச்சு, அதுக்கு ஏன் என்னைப் போட்டு வதைக்கறீங்க?"

இருவரும் குனிந்து தங்கள் தங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்கள். பிறகுதான் எந்தத் தட்டு என்று உறைத்தது. மெல்லத் தலை நிமிர்ந்தார்கள்.

"அண்ணி, உங்க செல்லும் கெட்டுப்போச்சா?"

"உன்னுதுமா?"

இருவரும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள். "உங்களை நம்பிச் சொன்னேன் பாருங்க!" என்றாள் ஒருத்தி. "உன்கிட்ட சொன்னதுக்கு ரேடியோவுல சொல்லியிருக்கலாம்!" என்றாள் இன்னொருத்தி. இரண்டு ரகசியத்தையும் இத்தனை நாள் காப்பாற்றியவனுக்கு, ஒரே நேரத்தில் காப்பாற்றியதற்கும் திட்டு, காப்பாற்றாததற்கும் திட்டு. ஆனால் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடு வீடாகிக்கொண்டிருந்தது.

"இரு இரு" என்றாள் அண்ணி. அவள் குரல் மாறிவிட்டிருந்தது. "என் இளம் செல்லுங்க பெருவிழுங்கியா மாறுது. உன் பெருவிழுங்கி சும்மா இருக்கும்போதே கத்துது. ரெண்டுக்கும் பொதுவா என்ன வேணும்?"

"கிருமி" என்றாள் வாலு சட்டென்று. "கிருமியோட மேலோட்டுத் துணுக்கு. அதைப் பாத்தாத்தான் என்னுது கத்தும். இளம் செல்லும் அதைப் பாத்துடுச்சுன்னா, சண்டைக்கு ஆள் வேணும்போல இருக்குன்னு படிப்பை விட்டுட்டு ரவுடியா போயிடும்."

"ஆனா உயிரோட கிருமி இல்லை. இருந்தா ஊட்டநீர் கலங்கியிருக்கும்."

"செத்துப்போனாலும் ஓடு இருக்குமே அண்ணி. கொதிக்கவச்சாக்கூடப் போகாது."

"அப்போ ஊட்டநீர்தான். நீ நல்லா இருக்கேன்னு நினைச்சு நான் அதைச் சந்தேகப்படலை."

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு நினைச்சு நானும் சந்தேகப்படலை. பொய் சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல?"

"முதல்ல யார் சொன்னா, 'ரொம்ப நல்லாப் போகுது'ன்னு?"

"அது நீங்க முதல்ல 'நல்லாப் போகுதும்மா'ன்னு சொன்னதுக்கு அப்புறம்!"

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு இருவரும் ஆய்வகத்துக்குக் கிளம்பினார்கள். மெக்கானிக் மேசையைத் துடைத்தான்.

விடுமுறை நாளில் ஆய்வகம் அமைதியாக இருந்தது. குளிர்பெட்டிகளின் முனகல் மட்டும். ஊட்டத் தூளைப் புது பிளாஸ்டிக் குழாயில் கரைத்து, அதில் புதிதாக எடுத்துவிட்ட வாலுவின் பெருவிழுங்கிகளையே ருசி பார்க்க வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அலமாரியிலிருந்த ஒவ்வொரு குடுவையிலிருந்தும் சில சொட்டு எடுத்து அவற்றுக்குக் கொடுத்தார்கள். தண்ணீர்க் கருவியிலிருந்து நேராகப் புது பிளாஸ்டிக் குழாயில் பிடித்த தண்ணீரில் கொஞ்சம், அதே தண்ணீரைக் காலிக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அலசியதில் கொஞ்சம். அண்ணி முதன்முறையாக அந்த ரவுடிகளுக்குத் தன் கையால் ஊட்டினாள்.

"பாத்து அண்ணி, கடிச்சிடப் போகுது."

"உன்னை மாதிரியா? இதுங்க எவ்வளவோ தேவலை."

மறுநாள் காலை மஞ்சள் தெளிவாகப் பேசியது. பிளாஸ்டிக் குழாயில் பிடித்த தண்ணீருக்குப் பெருவிழுங்கிகள் வாயே திறக்கவில்லை. கண்ணாடிக் குடுவையைத் தொட்ட எல்லாவற்றுக்கும் கூச்சல். தண்ணீரில் குற்றமில்லை, ஊட்டத் தூளில் குற்றமில்லை. கண்ணாடியில் இருந்தது.

"குடுவை கழுவறதுல ஏதாவது?" என்றாள் வாலு.

"கழுவறதுல எப்பவும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்குத்தானே அப்புறம் உலர் அடுப்புல வச்சுச் சுடறோம்? அந்தச் சூட்டுல ஓடு பொசுங்கிடும்."

இருவரும் ஒரே நேரத்தில் அந்த அடுப்பைப் பார்த்தார்கள். மூலையில், சமர்த்தாக, 250 என்று காட்டிக்கொண்டு நின்றது. போன மாதம் அது பழுதாகி, புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. பொருத்தியது யார் என்பதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

ஆள் அனுப்பினார்கள். மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இந்த அடுப்பா? சான்சே இல்லை" என்றான். "நான் தொட்ட மெஷின் திரும்பக் கெட்டதா சரித்திரமே கிடையாது. அதோ பாருங்க, இருநூத்தம்பது. ஒரு புள்ளி முன்னப் பின்ன இல்லை. ரெண்டு விஞ்ஞானிங்க இருக்கீங்க, வேற எங்கேயாவது தேடுங்க."

"சரிங்க" என்றாள் அண்ணி, ரொம்பப் பணிவாக. அந்தப் பணிவைக் கேட்டதுமே அவன் துணியால் கையை மறுபடி துடைத்துக்கொண்டான். "அந்த இருநூத்தம்பதுக்குப் பக்கத்துல பொடியா ஒரு எழுத்து இருக்கே, அது என்னங்க?"

அவன் குனிந்தான். கண்ணைச் சுருக்கினான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தான்.

அடுப்புக்கு வேண்டியது இருநூற்றைம்பது செல்சியஸ். புதுப்பெட்டி காட்டிக்கொண்டிருந்தது பாரன்ஹீட். கணக்குப் போட்டால் செல்சியஸில் அதில் பாதிகூட வராது. கிருமியைக் கொல்லும், அதன் மேலோட்டை ஒன்றும் செய்யாது. ஒரு மாதமாக அந்த அடுப்பு குடுவைகளுக்கு இதமாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் நிமிரவில்லை. குனிந்தபடியே, "பெட்டி வரும்போதே அப்படி வச்சு அனுப்பிட்டாங்க போல" என்றான்.

"சரித்திரமே கிடையாது" என்றாள் வாலு.

"ஒரு புள்ளி முன்னப் பின்ன இல்லை" என்றாள் அண்ணி.

"படுபாவி அண்ணா, நான் என்னையே சந்தேகப்பட்டு அழுதேனேடா!"

"நான் அடியில இருக்கற மெத்தை செல்லைத் திட்டினேன். அது பாவம், வாயில்லாதது."

அவன் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது. அதைப் பார்த்ததும் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவனோ பொத்தானை அழுத்தி அலகை மாற்றிவிட்டு நேராகத் துறைத் தலைவியின் அறைக்குப் போனான். தடுக்க ஓடியவர்கள் கதவருகில் நின்றுவிட்டார்கள். உள்ளே அவன் சொல்வது கேட்டது: "தப்பு என்னோடது மேடம். அவங்க ரெண்டு பேர் கையும் சுத்தம். குழுவுக்கு அப்படியே சொல்லிடுங்க."

இருவரும் கதவில் காதை வைத்தார்கள். பிறகு உள்ளேயிருந்து வந்த சத்தம் என்னவென்று இருவருக்கும் விளங்க நேரமாயிற்று. கப்சிப் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் அதற்கு முன் கேட்டறியாத சத்தம் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், "நான் உங்க வீட்டுல ஏதோ துக்கம்னு நினைச்சிட்டேன்" என்றார். உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "குழுகிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து பேசுங்க. கெட்டுப்போனதையும் காட்டுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லுங்க. இனிமே ஒருத்தருக்குக் கெட்டுப்போனா அன்னிக்கே இன்னொருத்தர்கிட்ட சொல்லணும். இது உத்தரவு" என்றார்.

அப்படியே செய்தார்கள். குழுவினர் எரிச்சல்படவில்லை. அவர்களில் ஒரு பெரிய மனிதர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். கிருமியின் ஓடு இளம் செல்களைத் தடம் மாற்றும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்தத் தட்டில் ஓடு நேராகவே மாற்றியதா, அல்லது முதலில் மாறிப்போன ஒன்றிரண்டு பெருவிழுங்கிகள் போட்ட சத்தத்தில் மற்றவையும் மாறினவா? அண்ணி வாலுவைப் பார்த்தாள், வாலு அண்ணியைப் பார்த்தாள். "தெரியலை" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அதைச் சொன்ன விதத்திலேயே அடுத்த வேலை முடிவாகிவிட்டது.

சுட்ட குடுவையில் புது ஊட்டநீர் கரைத்து, ஒரே தட்டில் அண்ணியின் இளம் செல்களையும், நடுவே துளையுள்ள ஒரு சவ்வு வைத்து மறுபுறம் கிருமித்துணுக்கால் சீண்டிவிட்டுக் கழுவியெடுத்த வாலுவின் பெருவிழுங்கிகளையும் வைத்தார்கள். செல்கள் ஒன்றையொன்று தொட முடியாது, புரதங்கள் மட்டும் கடந்து போகலாம். சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, இளம் செல்களில் ஒரு பகுதி தடம் மாறியிருந்தது. வாலுவின் செல்கள் விட்ட ஒரு புரதத்தை மட்டும் தடுத்து வைத்த தட்டில், அவை மாறவில்லை. சிறு முத்துக்களாக, நெருக்கியடித்துக்கொண்டு மிதந்தன.

வாலு மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் கண்ணை வைத்திருந்தாள். "அழகாத்தான் இருக்கு அண்ணி" என்றாள், மனசில்லாமல் ஒத்துக்கொள்கிற குரலில்.

"இன்னொரு தடவை சொல்லு, எல்லாருக்கும் கேக்கணும்."

"போதும் போதும். ஆனா ஒண்ணு, தடம் மாத்துனது என் செல்லு போட்ட சத்தம். அதனால கட்டுரையில என் பேர்தான் முதல்ல."

"மாறினது யாரோட செல்லு? என் பேர்தான் முதல்ல."

"நீங்க அண்ணி, பெரியவங்க, பெருந்தன்மையா விட்டுக் குடுக்கணும்."

"நீ சின்னவ, அடக்கமா பின்னாடி நிக்கணும்."

அடுப்புக்குப் பக்கத்தில் ஏணிமேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் கீழே பார்த்து, "என் பேர் எங்கே வரும்?" என்று கேட்டான்.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். என்ன பதில் சொல்வது என்று அவர்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

"பாரன்ஹீட்டுல வரும்" என்றார்கள்.